பனியாக விழும் நீர் எங்கே போகிறது?

மழை பெய்தால் தண்ணீர் உடனே ஓடத் தொடங்கிவிடும். பனி பெய்தால் அப்படி இல்லை. நவம்பரில் விழுந்த பனி மே மாதத்தில்தான் ஆற்றில் சேரும். உயரமான மலைகளில் ஜூலைகூட ஆகிவிடும். நடுவில் இருக்கும் இந்த ஆறேழு மாதங்களில் அந்தப் பனிக்கு என்னவெல்லாம் நடக்கிறது, அதில் எவ்வளவு தண்ணீராக மிஞ்சுகிறது, மிஞ்சியது எப்போது வந்து சேர்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தேடுவதுதான் குளிர்ப்பிரதேச நீரியல் என்ற துறையின் வேலை. புவி வெப்பமாகிக்கொண்டிருக்கும் இந்தக் காலத்தில் மூன்று கேள்விகளின் விடைகளும் ஒரே நேரத்தில் மாறிக்கொண்டிருக்கின்றன.

இந்தத் துறையில் முன்னணியில் இருப்பவர்களில் ஒருவர் கனடாவின் சஸ்காட்சுவான் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் பொமராய். நீர்வளமும் பருவநிலை மாற்றமும் அவருடைய ஆய்வுக்களம். 1988இல் அதே பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். காற்று அடித்துச் செல்லும் பனிதான் அப்போது அவர் எடுத்துக்கொண்ட பொருள். கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு நாட்டின் நீர்க்கணக்கில் இருந்த பெரிய ஓட்டை ஒன்று அங்கேதான் இருந்தது. அதைப் புரிந்துகொண்டால் அவருடைய மற்ற ஆய்வுகளும் தன்னால் புரிந்துவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்கலாம்.

காணாமல் போகும் பனி

கனடாவின் பிரெய்ரி சமவெளி மரங்கள் அதிகம் இல்லாத, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை விரியும் வயல்வெளி. அங்கே ஓராண்டில் கிடைக்கும் மொத்த மழை, பனி நீரில் பனியின் பங்கு சுமார் மூன்றில் ஒன்றுதான். ஆனால் ஓடைகளிலும் குட்டைகளிலும் வந்து சேரும் தண்ணீரில் 80 சதவீதத்துக்கும் மேல் பனி உருகி வருவது. கோடை மழையைக் காய்ந்து கிடக்கும் மண்ணும் பயிரும் குடித்துவிடுகின்றன. வசந்தத்தில் பனி உருகும்போதோ நிலம் இன்னும் உறைந்திருக்கும். தண்ணீர் உள்ளே இறங்க வழி குறைவு. அதனால் மேலோடு ஓடிப் பள்ளங்களில் தேங்குகிறது. அந்தச் சமவெளியைப் பொறுத்தவரை, குளிர்காலத்தில் எவ்வளவு பனி சேர்ந்தது என்பதுதான் அடுத்த ஆண்டுத் தண்ணீரின் அளவை முடிவு செய்கிறது.

சரி, பனியை அளந்தால் கணக்கு முடிந்துவிடுமே என்று தோன்றும். வானத்திலிருந்து விழுந்த பனியைக் கருவி வைத்து அளந்துவிடலாம். ஆனால் குளிர்கால முடிவில் வயலுக்குப் போய்ப் பார்த்தால், விழுந்த அளவுக்குத் தரையில் பனி இருக்காது. காய்ந்த பனித்துகள்களைக் கிளப்புவதற்கு மணிக்கு 28 கிலோமீட்டர் அளவிலான காற்றே பெரும்பாலும் போதும். சமவெளியில் அப்படிப்பட்ட காற்றுக்குப் பஞ்சமில்லை. துகள்கள் முதலில் தரையை ஒட்டித் தத்தித் தத்திப் போகும். காற்று வலுத்தால் எழும்பி மேகம்போல் நகரும். வேலியோரம், பள்ளம், புதர் என்று எங்கே காற்றின் வேகம் குறைகிறதோ அங்கே குவியும்.

இடம் மாறிய பனி குவியல்களில் இருக்கிறது. அதையும் அளந்து கூட்டினாலும் கணக்கு உதைக்கிறது. மிச்சம் எங்கே? அது ஆவியாகிவிட்டது. பனி தண்ணீராக மாறாமலே நேராக ஆவியாவதைப் பதங்கமாதல் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். தரையில் கிடக்கும் பனியில் இது மெதுவாகத்தான் நடக்கும். காற்றில் பறக்கும் துகளின் கதை வேறு. அதன் எல்லாப் பக்கத்திலும் உலர்ந்த காற்று உரசிக்கொண்டே போகிறது. துகள் மிகச் சிறியது என்பதால் அதன் எடையோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு மிக அதிகம். சில கிலோமீட்டர் பறப்பதற்குள் பல துகள்கள் இல்லாமலே போய்விடுகின்றன.

பொமராயும் அவருடைய ஆசிரியர் டான் கிரேயும் இதைக் களத்தில் அளந்து, இயற்பியல் சமன்பாடுகளாக எழுதினார்கள். பிரெய்ரி சமவெளியில் ஓராண்டில் விழும் பனியில் 15 முதல் 40 சதவீதம் வரை இப்படிக் காற்றிலேயே ஆவியாகிவிடலாம் என்று தெரிந்தது. இந்த இழப்பைக் கணக்கில் எடுக்காமல் ‘விழுந்த பனி இவ்வளவு, ஆகவே வரப்போகும் தண்ணீர் இவ்வளவு’ என்று சொன்னால் அந்தக் கணிப்பு தப்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இதற்கு நடைமுறைப் பயனும் உண்டு. அறுவடையின்போது பயிரின் தாளை ஒட்ட அறுக்காமல் கொஞ்சம் உயரமாக விட்டுவைத்தால், அது காற்றைத் தரையருகே தடுத்துப் பனியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பறக்கும் பனி குறைந்தால் ஆவியாகும் பனியும் குறையும். வசந்தத்தில் அந்த வயலுக்குக் கூடுதல் ஈரம் கிடைக்கும். எந்த உயரத் தாள் எவ்வளவு பனியைப் பிடிக்கும் என்பதை இப்போது கணக்கிட்டே சொல்லிவிட முடியும்.

பனியை எப்படி எடை போடுவது?

கொஞ்சம் நின்று, அளவிடும் வேலையைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். பனி எத்தனை சென்டிமீட்டர் ஆழம் என்பது நமக்குப் பெரிதாக எதையும் சொல்லாது. இன்று விழுந்த மென்பனியில் பெரும்பகுதி காற்றுதான். மார்ச் மாதம்வரை கிடந்து இறுகிய பனியில் தண்ணீர் அதிகம். 60 சென்டிமீட்டர் ஆழமுள்ள புதுப்பனி உருகினால் சுமார் 60 மில்லிமீட்டர் தண்ணீர் கிடைக்கலாம். அதே 60 சென்டிமீட்டர் பழைய பனி 150 மில்லிமீட்டருக்கும் மேல் தரும். அதனால் நீரியலாளர்கள் கேட்பது பனியின் நீர்ச்சமானத்தை, அதாவது அந்த இடத்துப் பனி முழுவதும் உருகினால் எத்தனை மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கும் என்பதை.

இதற்குப் பயன்படுவது ஒரு குழாய். நுனியில் பற்கள் வைத்த நீண்ட உலோகக் குழாயைப் பனியில் செங்குத்தாக இறக்குவார்கள். நடுவில் பனிக்கட்டி அடுக்கு தட்டுப்பட்டால் திருகித் திருகி வெட்டி இறக்க வேண்டும். தரையைத் தொட்டதும் ஆழத்தைக் குறித்துக்கொண்டு குழாயை மெல்ல வெளியே எடுப்பார்கள். அடியில் கொஞ்சம் மண்ணோ புல்லோ ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால்தான் குழாய் தரைவரை போனது உறுதி. ஒட்டிய மண்ணைச் சுரண்டிவிட்டுக் குழாயை வில்தராசில் தொங்கவிட்டு எடை போடுவார்கள். குழாயின் எடையைக் கழித்தால் பனியின் எடை. அதை வைத்து அடர்த்தி, அடர்த்தியை வைத்து நீர்ச்சமானம். அப்புறம் சில அடி நகர்ந்து அடுத்த புள்ளி. காட்டுக்குள் ஒரு வரிசை, வெட்டவெளியில் ஒரு வரிசை, சரிவில் ஒரு வரிசை என்று குளிர்காலம் முழுக்க இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். செயற்கைக்கோள்களும் டிரோன்களும் வந்த பிறகும் இந்த வேலை நிற்கவில்லை. மேலேயிருந்து பார்த்துச் சொல்வது சரிதானா என்று உரசிப் பார்க்கத் தரையில் எடுத்த அளவு வேண்டும்.

காட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. ஊசியிலை மரங்களின் கிளைகள் விழும் பனியில் ஒரு பகுதியைத் தரைக்கு வரவிடாமல் தாங்கிக்கொள்கின்றன. அந்தப் பனியை எப்படி எடை போடுவது? பொமராயின் குழு எளிமையான வழி ஒன்றைக் கையாண்டது. முழு மரம் ஒன்றை வெட்டி, காட்டுக்குள்ளேயே மற்ற மரங்களுக்கு நடுவில், எடையை உணரும் கருவியில் தொங்கவிட்டார்கள். பனி பெய்யும்போது மரத்தின் எடை கூடும். கிளையிலிருந்து பனி சரிந்து விழுந்தால் சட்டென்று குறையும். ஒன்றும் விழாமலே எடை மெல்ல மெல்லக் குறைந்தால், பனி ஆவியாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். வடபகுதியின் ஊசியிலைக் காடுகளில் ஓராண்டுப் பனிப்பொழிவில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக்கூட இப்படிக் கிளைகளிலிருந்தே வானத்துக்குத் திரும்பிவிடுகிறது என்பது இத்தகைய அளவீடுகளில் தெரிந்தது. எனக்கு இந்த ஆய்வின்மேல் தனி மதிப்பு உண்டு. எவ்வளவு பெரிய கேள்வி, எவ்வளவு நேரான வழி! காட்டை வெட்டினாலோ, காடு தீயில் எரிந்தாலோ கீழே ஆற்றில் நீர் ஏன் மாறுகிறது என்பதற்கான விடையின் ஒரு பாதி அந்தத் தொங்கும் மரத்தில் இருக்கிறது.

பூஜ்ஜியத்தைச் சுற்றி

இப்போது பருவநிலை மாற்றத்துக்கு வரலாம். 1948க்கும் 2016க்கும் இடையில் கனடாவின் சராசரி வெப்பநிலை 1.7 டிகிரி செல்சியஸ் உயர்ந்தது. அதன் வடபகுதியில் 2.3 டிகிரி. உலகச் சராசரியைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகம் இது. பனி குறைந்தால் வெளிறிய நிலப்பரப்பு கருமையாகிறது; கருமையான நிலம் அதிக வெயிலை உறிஞ்சி மேலும் சூடாகிறது. குளிர்ப்பிரதேசங்கள் வேகமாகச் சூடாவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

ஒன்றரை, இரண்டு டிகிரியில் என்ன ஆகிவிடப்போகிறது என்ற கேள்வி நியாயமானதுதான். 25 டிகிரி 27 ஆனால் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். ஆனால் −1 டிகிரி +1 ஆனால் பனியாக விழ வேண்டியது மழையாக விழும். மாதக்கணக்கில் மலையில் தங்கியிருக்க வேண்டிய நீர் அன்றைக்கே ஓடிவிடும். குளிர்ப்பிரதேசத்தில் பூஜ்ஜியம் டிகிரிதான் மதகு. வெப்பநிலை அதைக் கடக்கும் நாட்களும் இடங்களும் எங்கே கூடுகின்றனவோ அங்கே மாற்றம் பெரிதாக இருக்கும்.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பனியா மழையா என்பதைக் காற்றின் வெப்பநிலை மட்டும் முடிவு செய்வதில்லை. காற்று உலர்ந்திருந்தால், விழும் பனிச்சிதறலிலிருந்து கொஞ்சம் ஆவியாகும். ஈரத்துணி காற்றில் பட்டால் குளிர்வதைப்போல, அந்த ஆவியாதல் சிதறலையே குளிரவைக்கும். ஆகவே காற்று +2 டிகிரியில் இருந்தாலும் பனி விழ முடியும். ஈரப்பதம் நிறைந்த நாளில் அதே வெப்பநிலையில் மழைதான் பெய்யும். விழும் துகளின் சொந்த வெப்பநிலையைக் கணக்கிட்டு மழையையும் பனியையும் பிரிக்கும் முறை ஒன்றை பொமராயும் அவருடைய மாணவர் பிலிப் ஹார்டரும் 2013இல் வெளியிட்டார்கள். வெள்ள எச்சரிக்கை தருபவருக்கு இது வெறும் கோட்பாடு அல்ல. மலையின் மேல்பாதியில் பெய்தது மழை என்று தவறாக எடுத்துக்கொண்டால், கீழே வராத வெள்ளத்துக்கு எச்சரிக்கை போகும். பனி என்று தவறாக எடுத்துக்கொண்டால் அதைவிட ஆபத்து.

பனி உருகுவதற்கான ஆற்றலையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பூஜ்ஜியம் டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ பனியை உருக்க 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதே வெப்பத்தைக் கொண்டு ஒரு கிலோ தண்ணீரை பூஜ்ஜியத்திலிருந்து 80 டிகிரி வரை சூடாக்கிவிடலாம். அவ்வளவு வெப்பம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலான மலைப்பகுதிகளில் முதன்மையான மூலம் வெயில். ஆனால் புதுப்பனி தன்மேல் விழும் வெயிலில் 80 முதல் 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். அதனால்தான் சுள்ளென்று வெயில் அடிக்கும் நாளிலும் பனி உடனே கரைந்துவிடுவதில்லை. பனி பழசாகி, துகள் பருத்து, தூசு படிந்து மங்கும்போது உறிஞ்சும் வெயில் கூடி உருகல் வேகமெடுக்கும். பனியாறு என்பது மலையில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து இறுகி மெல்ல நகரும் பனிக்கட்டித் திரள். வெற்றுப் பனிக்கட்டி தெரியத் தொடங்கிய பனியாற்றிலோ திருப்பி அனுப்பப்படும் பங்கு 20 முதல் 40 சதவீதம்தான் இருக்கும்.

காட்டுத்தீ இந்த இடத்தில்தான் நுழைகிறது. ராக்கி மலைத்தொடரின் அத்தபாஸ்கா பனியாற்றில் பொமராய் குழுவினர் செய்த ஆய்வு இருபக்கமும் காட்டியது. தீயிலிருந்து வரும் கரித்துகள் பனிக்கட்டிமேல் படிந்து அதைக் கருமையாக்குகிறது, உருகல் கூடுகிறது. அதே தீயின் புகை வானத்தை மூடி வெயிலைக் குறைக்கிறது; அந்த நாட்களில் உருகல் குறைகிறது. புகை சில நாட்களில் விலகிவிடும். கரி அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அங்கேயே கிடந்து வேலை செய்யும்.

ஒரு சின்ன ஓடையின் நீண்ட கதை

ஆல்பர்ட்டா மாகாணத்தில், கல்கரி நகருக்கு மேற்கே கனனாஸ்கிஸ் பள்ளத்தாக்கில் மார்மட் ஓடை இருக்கிறது. அதன் நீர்ப்பிடிப்புப் பகுதி 10 சதுர கிலோமீட்டர்கூட இல்லை. 1962இல் அதை ஆய்வுக்களமாக்கினார்கள். காட்டில் ஒரு பகுதியைப் பெரிய துண்டுகளாகவும், இன்னொரு பகுதியைச் சின்னச் சின்ன வட்டங்களாகவும் வெட்டி, பனி சேர்வதும் உருகுவதும் எப்படி மாறுகின்றன என்று பார்த்தார்கள். 1980களில் அளவீடுகள் பெரும்பாலும் நின்றுபோயின. 2000களின் நடுவில் பொமராய் குழு கருவிகளைத் திரும்ப நிறுவி, பழைய பதிவுகளையும் தேடி எடுத்துச் சேர்த்தது. அதனால் இன்று அரை நூற்றாண்டைத் தாண்டிய பதிவு கையில் இருக்கிறது.

அந்தப் பதிவு சொன்னது பலரும் எதிர்பார்த்ததை அல்ல. குளிர்கால வெப்பநிலை தெளிவாக உயர்ந்திருக்கிறது. தாழ்வான பகுதிகளில் பனி வெகுவாகக் குறைந்திருக்கிறது. காடும் வெட்டப்பட்டிருக்கிறது. இத்தனைக்குப் பிறகும் ஓடையில் ஓடும் மொத்த நீரிலோ அதன் உச்சப்பெருக்கிலோ திட்டவட்டமான மாற்றம் எதுவும் தென்படவில்லை என்று 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. மலையின் உச்சிப்பகுதி இன்னும் போதிய குளிரோடு இருக்கிறது. ஒரு மாற்றம் நீரைக் குறைத்தால் இன்னொன்று கூட்டி ஈடுகட்டுகிறது. நிலத்தடியில் நீர் தங்கி மெதுவாக வெளிவருகிறது. ஆற்றை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு மேலே எதுவும் மாறவில்லை என்றே தோன்றும். மேலே ஏறிப் பனியை அளந்தவருக்குத்தான் அடித்தளம் மாறிக்கொண்டிருப்பது தெரியும். ‘பருவநிலை மாறினால் ஆறு வற்றும்’ என்ற ஒற்றை வரியில் இதையெல்லாம் அடைக்க முடியாது. சில இடங்களில் ஆறு நீண்டகாலம் தாக்குப்பிடிக்கும். எந்த எல்லைவரை என்பதுதான் கேள்வி.

அதே மலைகள் 2013 ஜூனில் வேறு முகத்தைக் காட்டின. 19ஆம் தேதி தொடங்கிய மழை மலைப்பகுதியில் சில இடங்களில் 200 மில்லிமீட்டரைத் தாண்டியது. உயரத்தில் அப்போதும் பனி கிடந்தது; சில இடங்களில் அதன் அடியில் நிலம் உறைந்திருந்தது. மழை பனிமேல் பெய்தது. பனி உருகிய நீரும் சேர்ந்து இறங்கியது. கல்கரி வழியாக ஓடும் போ (Bow) ஆறும் அதன் கிளை ஆறுகளும் கரைபுரண்டு, தெற்கு ஆல்பர்ட்டாவில் ஒரு லட்சம் பேர் அளவில் வீடுகளை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. கல்கரி நகர மையமே நீரில் மூழ்கியது. பொமராய் குழுவின் கருவிகள் அந்த நாட்களில் மலைமேல் இயங்கிக்கொண்டிருந்தன. பனிமேல் பெய்யும் மழையில் எந்த உயரத்தில் எவ்வளவு நீர் பனிக்குள் தங்கியது, எவ்வளவு கீழே வந்தது என்று பிறகு பிரித்துச் சொல்ல முடிந்தது அதனால்தான்.

நேற்றைய ஆற்றை வைத்து நாளைய ஆற்றைக் கணிக்கலாமா?

பொமராயின் உழைப்பில் மிக முக்கியமானது எது என்று கேட்டால் நான் இந்தப் பகுதியைத்தான் காட்டுவேன். ஆற்றில் வரப்போகும் நீரைக் கணிக்கக் கணினி மாதிரிகளைப் பயன்படுத்துகிறார்கள். வழக்கமான முறையில் மாதிரிக்குள் சில எண்கள் இருக்கும். கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் ஆற்றில் ஓடிய நீரோடு விடை பொருந்தும்வரை அந்த எண்களைத் திருகிக்கொண்டே வருவார்கள். பொருந்திவிட்டால் மாதிரி தயார். நாளையும் நேற்றைப்போலவே இருக்கும்வரை இந்த வழி நன்றாகவே வேலை செய்யும்.

நாளை வேறு மாதிரி இருக்கப்போகிறது என்றால்? பனி வேண்டிய இடத்தில் மழை, காடு இருந்த இடத்தில் எரிந்த சரிவு, பனியாறு இருந்த இடத்தில் வெறும் பாறை. நேற்றைய ஆற்றுக்குத் திருகிய எண்கள் அந்த நிலப்பரப்பைப் பார்த்ததே கிடையாது. இதற்கு மாற்றாகத்தான் பொமராயும் சக ஆய்வாளர்களும் குளிர்ப்பிரதேச நீரியல் மாதிரி என்ற கணினி மாதிரியை உருவாக்கி 2007இல் விரிவாக வெளியிட்டார்கள். பறக்கும் பனி, கிளையில் தங்கும் பனி, வெயிலில் உருகும் பனி, உறைந்த மண்ணுக்குள் இறங்கும் நீர் என்று ஒவ்வொன்றுக்கும் அதில் தனித்தனிப் பகுதி உண்டு. ஒவ்வொரு பகுதியும் களத்தில் அளந்து சரிபார்த்த இயற்பியலால் ஆனது. ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதிக்கு எவை தேவையோ அவற்றைக் கோத்துக்கொள்ளலாம். மரமில்லாத சமவெளிக்குக் கிளைப்பனி தேவையில்லை. பறக்கும் பனி இல்லாமல் முடியாது. ஆற்றின் பழைய பதிவை வைத்து எண்களைத் திருகாமலே இந்த மாதிரியை ஓட்ட முடியும். அளவுமானிகளே இல்லாத இடங்களுக்கும், இதுவரை வராத வெப்பத்துக்கும் பொருந்திப்போகும் வாய்ப்பு இதற்கு அதிகம். ராக்கி மலைகளில் தொடங்கிய அது ஸ்பெயினின் பிரனீஸ் மலைகளுக்கும், சிலியின் படகோனியாவுக்கும், திபெத் பீடபூமிக்கும் போயிருக்கிறது.

கனடாவின் வடக்கே, யூகான் பகுதியின் வுல்ஃப் ஓடையில் செய்த ஆய்வு இந்த அணுகுமுறை ஏன் தேவை என்பதை நன்றாகக் காட்டும். மரங்கள் அற்ற துந்திரப் பகுதியில் வெப்பம் கூடக் கூடப் புதர்கள் உயரமாகவும் அடர்த்தியாகவும் வளர்கின்றன. குளிர்காலத்தில் அவை பனியின் பாரத்தால் வளைந்து அதற்கு அடியில் மறைந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே வெண்மை. வசந்தத்தில் பனி கொஞ்சம் இறங்கியதும் வளைந்த கிளைகள் விடுபட்டு நிமிர்கின்றன. வெண்மையாக இருந்த சரிவில் கருத்த கிளைகள் முளைத்து வெயிலை வாங்கிச் சுற்றியுள்ள பனிக்கு வெப்பத்தைக் கொடுக்கின்றன. அதோடு, புதர் உயரமாக இருந்தால் காற்று கொண்டுவரும் பனியை அதிகம் பிடிக்கும். தடித்த பனிப்போர்வை நிலத்தைக் கடுங்குளிரிலிருந்து மறைக்கும். அடியில் இருக்கும் நிரந்தர உறைநிலம் போதிய அளவு குளிராமல் போகும். புதர் ஒன்று வளர்ந்தது என்ற ஒரு மாற்றம், பனி சேரும் இடத்தையும் உருகும் வேகத்தையும் மண்ணின் வெப்பத்தையும் ஒருசேர மாற்றிவிடுகிறது. ஆற்றில் ஓடும் நீரை மட்டும் பார்த்து எண்களைத் திருகும் மாதிரிக்கு இந்தப் புதர்கள் இருப்பதே தெரியாது.

பனியாறுகளும் அவற்றுக்குப் பின்னும்

பனியாறு என்றதும் மலை நாட்டு ஆறுகள் எல்லாம் அதை நம்பித்தான் ஓடுகின்றன என்ற எண்ணம் பரவலாக உண்டு. கனடாவின் ராக்கி மலைகளைப் பொறுத்தவரை இது பாதி உண்மை. கல்கரி வழியாக ஓடும் போ ஆற்றின் ஆண்டு நீரில் பனியாற்றின் உருகல் சில சதவீதம்தான். பெரும்பகுதி ஒவ்வொரு குளிர்காலமும் புதிதாகச் சேரும் பனி. ஆனால் வறண்ட ஆண்டில், குளிர்காலப் பனி முழுக்கத் தீர்ந்துபோன ஆகஸ்ட் மாதத்தில் பார்த்தால் கணக்கு வேறு. அப்போது பனியாற்றின் பங்கு பல மடங்கு கூடுகிறது. மழை இல்லாதபோதும் வெயிலைத் தண்ணீராக்கிக் கொடுப்பதால்தான் பனியாற்றுக்கு அதன் அளவை மீறிய மதிப்பு. ஆற்றில் குளிர்ந்த நீர் தேவைப்படும் மீன்களுக்கும், கீழே பாசனத்துக்குக் காத்திருக்கும் வயல்களுக்கும் அந்த வாரங்களில் அதுதான் கை கொடுக்கிறது.

பானஃப் தேசியப் பூங்காவின் பெய்ட்டோ பனியாற்றை 1960களின் நடுவிலிருந்து அளந்துவருகிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் குளிர்காலத்தில் எவ்வளவு பனி சேர்ந்தது, கோடையில் எவ்வளவு கரைந்தது என்ற வரவு செலவு அது. பல பத்தாண்டுகளாகச் செலவுதான் மிகுந்துவருகிறது. அங்கிருந்து இறங்கும் நீர் வடக்கு சஸ்காட்சுவான் ஆற்றில் கலந்து, சமவெளியைக் கடந்து, வின்னிபெக் ஏரி வழியாக ஹட்சன் விரிகுடாவுக்குப் போகிறது. பனியாறு சுருங்கும்போது முதலில் சில ஆண்டுகள் நீர் கூடும், ஏனெனில் சேமிப்பு வேகமாகக் கரைகிறது. ஒரு உச்சத்தைத் தொட்ட பிறகு, கரைவதற்கான பரப்பே குறைந்து நீரும் குறையத் தொடங்கும். நீர் அதிகமாக வரும் அந்த முதல் கட்டத்தைப் பார்த்து ‘நல்ல வரத்து’ என்று நம்பி அணைகளையும் பாசனத்தையும் திட்டமிடுவது எவ்வளவு ஆபத்து என்பதை நினைத்தால் கவலையாகத்தான் இருக்கிறது.

இந்த ஆய்வுகளையெல்லாம் ஒரு குடையின்கீழ் கொண்டுவர 2016இல் உலக நீர் எதிர்காலங்கள் என்ற பெரிய திட்டம் கனடாவில் தொடங்கியது. சஸ்காட்சுவான் பல்கலைக்கழகம் தலைமையில் பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்த அந்தத் திட்டத்துக்கு கனடா அரசு கொடுத்த தொகை 7.7 கோடி டாலருக்கும் மேல். பொமராய் அதன் இயக்குநராக இருந்தார். ஐக்கிய நாடுகள் சபை 2025ஐப் பனியாறுகளைப் பாதுகாக்கும் பன்னாட்டு ஆண்டாக அறிவித்தபோது அதன் ஆலோசனைக் குழுவின் இணைத்தலைவர்களில் ஒருவராகவும் அவர் இருந்தார். அந்த ஆண்டிலிருந்து மார்ச் 21 உலகப் பனியாறுகள் நாள்.

பெய்ட்டோவில் இப்போது ஆய்வாளர்கள் கேட்டுக்கொண்டிருப்பது, பனிக்கட்டி விலகிய பிறகு அந்த இடம் நீரை எப்படி நடத்தும் என்பது. பனியாறு பின்வாங்கிய பள்ளத்தில் புதிதாக ஏரி ஒன்று உருவாகியிருக்கிறது. சுற்றிலும் பனியாறு அரைத்துக் கொட்டிய கல்லும் மணலும் மேடாகக் கிடக்கின்றன. ஏரி நீரைத் தேக்கி வைத்துக்கொள்ளும். அதன் பரப்பிலிருந்து ஆவியாகவும் செய்யும். கல்மேடுகள் உருகிய நீரை உள்ளே வாங்கி வாரக்கணக்கில் மெதுவாக வெளியே விடக்கூடும். காலப்போக்கில் அந்தச் சரிவுகளில் புல்லும் புதரும் ஏறினால், பனி தங்குவதும் நீர் ஆவியாவதும் மறுபடி மாறும். பனியாறு கொடுத்துவந்த ஆகஸ்ட் மாத நீரில் எவ்வளவை இந்தப் புதிய நிலம் ஈடுசெய்யும் என்பதை ஏரியின் மட்டத்தையும் கல்மேட்டின் அடியில் கசியும் நீரையும் அளந்து கணக்கிட்டுவருகிறார்கள்.